பால் கேன் சத்தம்

ஏரிக்கரையில் நான் இருந்தேன். என் வீட்டுக்காரி இருந்தாள். அவள் தம்பி இருந்தான். சேதராப்பட்டில் கம்பெனி ஷிப்டை முடித்துவிட்டு யூனிபாரத்தோடு வந்திருந்தான். டீக்கடை பாய் பிறகுதான் வந்தார். தண்ணீருக்கு அந்தப் பக்கம் மேட்டில் மாடுகள் ஏழும் நின்றன. நாய் நின்றது.

நாய்க்குப் பேர் வைக்கவில்லை. நாட்டு நாய்தான். மாடு ஓட்ட நான் பழக்கினேன்.

எங்கள் கொட்டகைக்கும் ஏரிக்கும் நடுவில் ரோடு. கம்பெனி லாரியும் பஸ்ஸும் ஓயாது. அதனால் நாய்க்கு ஒரே பாடம். சாயங்காலம் நான் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டு அலுமினியப் பால் கேனைத் தடியால் அடிப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் மாட்டை ஓட்டி வர வேண்டும். கேட்காத வரை ஒரு மாட்டையும் கரையேற விடக் கூடாது. ரோட்டில் யாராவது யாரையாவது கத்திக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். அதனால் ஆள் குரலுக்கு வராதபடி பழக்கினேன். நான் கூப்பிட்டாலும் வராது.

கொட்டகையில் கட்டும்போது வீட்டுக்காரி "எத்தினி?" என்பாள். நான் மாட்டை எண்ணி, "ஏழு" என்பேன். தினமும் அதுதான்.

அன்றைக்கு மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. மேல் ஏரி நிரம்பி இங்கே தண்ணீர் தள்ளியது. நாங்கள் போய்ப் பார்த்தபோது மேட்டைச் சுற்றித் தண்ணீர். மேட்டில் ஒரு முள்மரம் உண்டு. அதன் அடி தெரிந்தது.

செவலை மாடு சினை. இந்த வாரமோ அடுத்த வாரமோ ஈன வேண்டும். அது தண்ணீருக்கு வந்து மோந்து பார்த்தது. இறங்கப் போனது. நாய் குறுக்கே ஓடி அதைத் திருப்பிவிட்டது.

"இன்னா மாமா, வர்றதையும் தொரத்துது?" என்றான் மச்சான்.

"கேன் அடிக்கலையே" என்றேன்.

கேன் இல்லை. எங்களிடம் இரண்டு கேன். ஒன்று அடி ஓட்டையாகி வெல்டிங் கடையில் கிடந்தது. இன்னொன்றில் காலைப் பால் கோரிமேட்டில் ஆஸ்பத்திரி எதிரே பாய் கடைக்குப் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லியிருந்தார். மழையில் வரவில்லை.

கூப்பிட்டேன். நாய் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான்.

வீட்டுக்காரி ஓடிப் போய் சில்வர் குண்டானை எடுத்து வந்து அடித்தாள். நாய் காதைத் தூக்கியது. பிறகு உட்கார்ந்துவிட்டது.

"பாரேன், குண்டான்னு கண்டுபுடிச்சிட்டுது. நீயும்தான் இருக்கிற, நான் எதுல அடிக்கிறன்னு திரும்பிப் பாத்திருப்பியா?"

நான் மரத்தைப் பார்த்தேன். அடி தெரியவில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. மச்சான் இறங்கினான். மார்பு மட்டும் போனான். நாய் அவனைப் பார்த்துக் குரைத்தது. மாடு மிரண்டு அந்தப் பக்கச் சரிவுக்குப் போனது. அங்கே ஆழம். "ஏறிடுடா" என்றேன். ஏறிவிட்டான்.

பாய்க்குப் போன் போட்டுக் கேனைக் கேட்டேன்.

"அதுல தண்ணி புடிச்சி வெச்சிருக்கேன்யா. ஆஸ்பத்திரி கூட்டம் நிக்குது."

"கொட்டிட்டு வாங்க பாய். மாடு போயிடும்."

மச்சான் போனைப் பிடுங்கினான். "பாய், அங்கியே அடி பாய். நான் ஸ்பீக்கர்ல போடறேன்."

பாய் அடித்தார். மச்சான் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். எங்கள் காதுக்கே கொசு மாதிரிதான் கேட்டது. நாய் அசையவில்லை.

"வர்றேன், வர்றேன்" என்று பாய் வைத்துவிட்டார்.

அந்த நேரம்தான் போகவில்லை. தண்ணீர் செவலையின் முட்டிக்கு வந்தது. நாய் வயிற்றளவு தண்ணீரில் நின்று மாடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றையும் விடவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தது. அதைப் பார்க்க முடியவில்லை.

பாய் மொபெட்டில் வந்தார். கேனைக் கயிற்றால் பின்னால் கட்டியிருந்தார். முழுக்க நனைந்திருந்தார்.

"உன் நாயிக்குக் கேனு வந்துடிச்சி. என் கடைக்கு யாருய்யா?"

கயிற்றை அறுத்தேன். தடி கை வழுக்கி விழுந்தது. எடுத்து அடித்தேன்.

நாய் முதல் அடிக்கே பின்னால் ஓடியது. மாடுகள் தண்ணீரைப் பார்த்துத் தயங்கின. நாய் குளம்பைக் கடித்தது. பெரிய மாடு இறங்கியது. அதைப் பார்த்து மற்றவை இறங்கின. தலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கரையேறியது. ஆறு.

செவலை இழுபட்டுக் கலிங்கல் பக்கம் போனது. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியே விழுகிற இடம் அது. நாய் நீந்திப் போய் அதற்குக் கீழ்ப் பக்கம் மறித்து மூஞ்சிக்கு நேரே குரைத்தது. செவலை கரைக்குத் திரும்பியது. மச்சான் கொம்பைப் பிடித்து ஏற்றினான்.

நாயைக் காணவில்லை.

கலிங்கலுக்கு முன்னால் தலை தெரிந்த மாதிரி இருந்தது. பிறகு இல்லை. நான் கேனை அடித்துக்கொண்டே இருந்தேன்.

"எல்லாம் ஏறிடிச்சேய்யா. போதும்" என்றார் பாய்.

நிறுத்தவில்லை. மச்சான் ரோட்டில் நின்று லாரியை மறித்தான். வீட்டுக்காரி மாடுகளை ஓட்டிப் போனாள். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பாய் போகவில்லை. நனைந்துகொண்டு பக்கத்தில் நின்றார். கேன் நசுங்கியது.

இருட்டப் போகும்போது கலிங்கலுக்கு அந்தப் பக்கம் முள் அசைந்தது. நாய் மூன்று காலில் வந்தது. என்னிடம் வரவில்லை. தரையை மோந்துகொண்டு மாடு போன வழியே ரோட்டுக்குப் போனது. நான் ஓடிப் போய் வண்டியை மறித்தேன்.

கொட்டகையில் வீட்டுக்காரி கொசுவுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தாள். செவலை இன்னும் ஈனாத வயிற்றோடு நின்று வைக்கோல் தின்றது. நாய் வாசலில் படுத்துக் காலை நக்கியது.

"எத்தினி?" என்றாள், திரும்பாமல்.

எண்ணினேன்.

எட்டு.