கள்ளிக்காட்டுக்குக் கொண்டுபோன கத்தி

காலை எட்டேகாலுக்கு நாகர்கோவில் பக்கமிருந்து வந்த ரயில் என்னைப் பாறசாலையில் இறக்கிவிட்டது. தோள்பையில் துண்டு சுற்றிய ஒரு புதுக் கத்தி இருந்தது. நான்கு அங்குல அலகு, விலை ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய். வாங்கிய நாளிலிருந்து அது வெட்டியது ஆப்பிளை மட்டும்தான்.

மதுரையில் வங்கி வேலை பார்க்கிற எனக்குக் கத்தி எதற்கு என்று கேட்பீர்கள். அடுத்த மாதம் ஒரு குழுவோடு மலையேறப் போகிறேன். கத்தியோ, பல கருவிகள் மடங்கி அடங்கிய மல்ட்டி டூலோ, வெட்டுவதற்கு ஆளுக்கு ஒன்றுதான் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காட்டில் மாட்டிக்கொண்டால் இரண்டில் எது கைகொடுக்கும் என்ற யோசனை என்னைப் பிடித்து ஆட்டியது. என் மனைவியின் தம்பி ஜெபினுக்குக் கள்ளிக்காட்டில் காட்டை ஒட்டி ரப்பர் தோட்டம் இருக்கிறது. அங்கேயே சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்தேன்.

ஜெபின் பைக்கோடு நின்றிருந்தான். பாறசாலையில் பிளம்பிங் கடை வைத்திருக்கிறான். இடுப்புப் பெல்ட்டில் மல்ட்டி டூல் இல்லாமல் அவன் கோயிலுக்குக்கூடப் போவதில்லை என்று அவன் அக்கா சொல்லுவாள்.

"அத்தான், கத்தி வெட்டும், அவ்வளவுதான். இதப் பாத்தியளா? பிளேயர் உண்டு, அரம் உண்டு, கம்பி வெட்டுகது உண்டு. காட்டுக்குள்ள போனா இதாக்கும் ஒதவும்."

"விறகு பிளக்கணும்னா ஸ்குரூ டிரைவரை வச்சுப் பிளப்பியா மாப்ள?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.

பத்து கிலோமீட்டரில் நெய்யாற்றின்கரை. கறுப்புக் கோட்டுக்காரர்கள் நீதிமன்றத்துக்கு விரைந்துகொண்டிருந்தார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே பன்னிரண்டு ரூபாய்க்குச் சாயா குடித்தோம். கடைக்காரர் எங்கள் சண்டையைக் கேட்டுவிட்டு மலையாளத்தில் தீர்ப்புச் சொன்னார். "ரண்டும் வேண்டா சாரே. போனில் சார்ஜ் உண்டெங்கில் மதி." போனில் சார்ஜ் இருந்தால் போதுமாம். அந்தக் கட்சிக்கும் ஓர் ஓட்டு உண்டு என்று குறித்துக்கொண்டேன்.

பெருங்கடவிளை தாண்டியதும் சாலை வளைந்து ஏறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் ரப்பர், நடுநடுவே வாழையும் மரச்சீனியும். நாம் மரவள்ளி என்பதை இங்கே மரச்சீனி என்கிறார்கள். பத்தரை மணிக்குத் தோட்டத்தை அடைந்தோம். தோட்டத்தின் கடைசி வரிசை மரங்களுக்கு அப்பால் காடு. காட்டை ஒட்டிய சரிவில் ஜெபினும் மரச்சீனி போட்டிருந்தான். பாதியைக் காட்டுப்பன்றி கிளறித் தள்ளியிருந்தது.

சோதனையைத் தொடங்கினோம். காய்ந்த ரப்பர்க் கட்டையைக் கத்தியால் அடித்துப் பிளந்தேன். மல்ட்டி டூலின் சின்ன அலகு அதில் தோற்றது. மீன் டப்பாவைத் திறப்பதில் என் கத்தி வழுக்கியது. ஜெபின் கண்மூடித் திறப்பதற்குள் திறந்துவிட்டான். ஆளுக்கு ஒரு வெற்றி என்று நிற்கும்போதுதான் சரசம்மா வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும், சரிவிலுள்ள வீட்டில் தனியாக இருக்கிறார்.

"ஜெபினே, எங்க கைசரக் கண்டியா? நேத்து சாயங்காலம் முதல் காணல்ல."

கைசர் அவருடைய நாய். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போகிறவருக்கு அதுதான் துணை. பன்றி வந்தால் குரைத்து விரட்டும். "அவன் இல்லேண்ணா வெளுப்பாங்காலத்து நான் எப்பிடி மக்கா தனியா எறங்குவேன்?" என்றார்.

தேடக் கிளம்பினோம். ஓடைப் பக்கம் போவோம் என்றான் ஜெபின். ஒரு மணி நேரம் ஓடையோரம் சுற்றினோம், ஒன்றும் இல்லை. மரச்சீனிச் சரிவைக் காட்டி, அங்கே பார்க்கலாமே என்றேன். "அங்க இருக்காது அத்தான்," என்றான். அதற்குள் அந்தப் பக்கமிருந்தே ஒரு முனகல் கேட்டது. சரசம்மா ஓடினார்.

நாய் ஒரு ரப்பர் மரத்தடியில் கிடந்தது. பைக்கின் பழைய கிளட்ச் கேபிளால் செய்த சுருக்கு அதன் இடுப்பை இறுக்கியிருந்தது. பன்றிக்கு வைத்த கண்ணி. இழுத்து இழுத்துத் தோல் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. நான் கத்தியை எடுத்து அறுத்துப் பார்த்தேன், இரும்புக் கம்பியில் கீறல்கூட விழவில்லை. உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை.

"மாப்ள, உன்னுதுதான் இதுக்கு. சீக்கிரம்!"

ஜெபின் மண்டியிட்டு, மரத்துக்குப் போன கம்பியை டூலின் வாயில் கொடுத்து நெரித்தான். முறுக்கிய கேபிளில் ஓர் இழை அறுந்தது, இன்னோர் இழை. சத்தம் கேட்டு நாய் துள்ளியது, துள்ளியதில் சுருக்கு இன்னும் இறுகியது. நான் துண்டால் அதன் தலையை மூடிப் பிடித்துக்கொண்டேன். அதன் மூச்சு இரைந்து, பிறகு மெலிந்தது. "எம் மக்கா, போயிராத," என்று சரசம்மா கதறினார்.

ஜெபின் டூலைத் தூக்கி எறிந்தான். எழுந்து மரத்துக்குப் பின்னால் போனான். வேரடியில் சருகைத் தள்ளி, கம்பியின் மறுமுனையைப் பிடித்திருந்த ஒரு மர ஆப்பைக் கையால் உருவினான். கம்பி மொத்தமும் தொளதொளவென்று தளர்ந்தது. சுருக்கை விரித்து நாயை வெளியே எடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த ஆப்பு அங்கே இருப்பது கட்டியவனுக்குத்தான் தெரியும். எனக்கு அது உறைப்பதற்குள் சரசம்மாவுக்கு உறைத்துவிட்டது. நாயை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"நான் கெட்டினதாக்கும் சேச்சி," என்றான் ஜெபின். "பன்னிக்கு. சொல்ல வெக்கமாட்டு இருந்து."

"நேத்து முதல் காணல்லண்ணு நான் ஒன்னிட்ட சொன்னேம்லா?"

எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் ஓடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனதும், ஆப்பு இருப்பது தெரிந்தும் இழை இழையாக வெட்டிக்கொண்டிருந்ததும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"வேற எத்தற உண்டு?" என்று சரசம்மா கேட்டார்.

"மூணு."

"போய் அவுத்துட்டு வா."

அவன் மூன்றையும் அவிழ்த்துவிட்டு வந்தான். பிறகு நாயை என் மடியில் வைத்துக்கொண்டு பைக்கிலேயே மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல் போட்டார்கள், ஊசி போட்டார்கள். பிழைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். அந்த இரவு தோட்டத்து வீட்டில் நாங்கள் எதைப் பற்றியும் சண்டை போடவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பாறசாலைக்குக் கிளம்பினோம். சரசம்மா பால் வாளியோடு எதிரே வந்தார். என்னைப் போய்வரச் சொன்னார், ஜெபினைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இடுப்பில் கட்டோடு நொண்டிக்கொண்டே கைசர் வந்தது. பைக்கைக் கண்டதும் வாலை ஆட்டியபடி நேராக ஜெபினிடம் போய், தொங்கிக்கொண்டிருந்த அவன் கையை நக்கியது. அவன் அந்தக் கையைத் தூக்கித் தடவவும் முடியாமல், இழுத்துக்கொள்ளவும் முடியாமல் அப்படியே நின்றான்.