ராகுவுக்கு இடமில்லாத பள்ளிக்கூடம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் தொண்ணூறுகளில், பீளமேட்டில் என் பவுண்டரியில் வார்த்த பம்பு இறங்காத தோட்டம் எங்கள் பக்கத்தில் குறைவு. அதனால்தான் என் மகள் படித்த பெண்கள் பள்ளியில், முற்றத்தில் வைக்க ஒன்பது கோள்களை இரும்பில் வார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். கல்வெட்டில் என் பெயரும் வரும் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குள் என் பெயர் நுழைய வேறு வழி ஏது?

ஒன்பது கோள் எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை தவறாமல் சுற்றுகிறவன். யாரையும் கேட்காமல் சூரியன் முதல் கேது வரை உருண்டைகளாக வார்த்துக் கொண்டுபோய் இறக்கினேன். கோயிலில் இருப்பதுபோல ஒவ்வொரு பெயர்ப்பட்டையும் வேறு திசை பார்க்க நிறுத்தினேன்.

அறிவியல் டீச்சர் வந்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்க, பூமியைக் காணோமுங்களே?"

"அது நம்ம காலுக்கடியிலதானுங்க கெடக்குது."

அவர் சிரிக்கவில்லை. "சூரியனும் நிலாவும் இருக்கட்டுமுங்க. ராகு, கேது வேண்டாமுங்க. பூமி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ வார்த்துக் குடுங்க. இல்லீன்னா தெறப்பு விழா வெக்க முடியாதுங்க."

"அந்த மூணு பேரும் யாருங்க?"

"கிரேக்க, ரோமானியச் சாமிக பேருங்க. வானத்துச் சாமி, கடல் சாமி, பாதாளத்துச் சாமி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க பாதாளத்துச் சாமி வந்தா பாடம், நம்ம ராகு வந்தா மூடநம்பிக்கைங்களா?"

"அவங்க பேரு மட்டுந்தான் வெச்சாங்க. உருண்டை அங்க நெசமா இருக்குதுங்க. ராகுக்குப் பேரு இருக்குது, உருண்டை இல்லீங்க."

"அதான் வார்த்துப் போட்டனுங்களே!"

அப்போதுதான் சிரித்தார். அதோடு விட்டாரா? வியாழனுக்கு நான்கு நிலாக்கள் வேண்டும், பெயரோடு வேண்டும் என்றார். யார் பெயர் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார்.

"வியாழனுக்கு அவங்க வெச்சதும் ஒரு சாமி பேருதானுங்க. அந்தச் சாமி ஆசைப்பட்டு ஏமாத்துனவங்க, தூக்கிட்டுப் போனவங்க பேருங்க."

எங்கள் குரு பகவான் தேவர்களுக்கே பாடம் சொன்னவர். அதே கோளுக்கு அவர்கள் வைத்த சாமியின் லட்சணம் இது. அவன் கெடுத்தவர்களை அவனைச் சுற்றியே ஓடவிட்டு, அதைப் பெண்பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டுமாம். வானத்துக்குப் பெயர் வைக்கும் உரிமையை அவர்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது? இன்றைக்கும் கேட்கிறேன்.

கல்வெட்டுக்காக எல்லாம் வார்த்துக் கொடுத்தேன். ஆனால் அந்த நான்கு நிலாக்களில் மட்டும் பெயர் பொறிக்கவில்லை. டீச்சர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். என் இரும்பில் அது ஏறாது என்று சொல்லிவிட்டேன். இன்றும் அவை பெயரில்லாமல்தான் நிற்கின்றன.

ராகுவையும் கேதுவையும் திரும்ப ஏற்றி வந்து பவுண்டரி வாசலில் நிறுத்தினேன். லாரி டிரைவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்து நெப்டியூனுக்கு இதுவரை ஒருவரும் ஒரு பழம் வைத்ததில்லை.