ரெமிஜியஸ் பார்த்த வீட்டு வண்டி

ரெமிஜியஸ் அண்ணன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு சாக்பீஸ் இருக்கும். வண்டியில் எந்த இடத்தில் மீட்டர் வைத்துப் பார்க்கிறாரோ, அங்கேயே வந்த எண்ணை எழுதிவிடுவார். லிங்கராஜபுரத்தில் அவருடைய ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடைக்கும் நான் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். பல வருஷமாகப் பார்க்கிறேன். எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் அது நமக்குப் பிடித்த மாதிரி மாறிவிடும் என்பார்.

2004 ஏப்ரலில் மர்பி டவுன் இராஜமாணிக்கம் தன் வண்டியைக் கொண்டுவந்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும், பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜும் வைத்திருந்தார். எல்லாம் அவர் மனைவி முத்தம்மாவுக்காக. அந்த அம்மாவுக்கு முழங்கால் மடங்காது, ரயில் ஏற முடியாது. தினமும் இன்சுலின் போட வேண்டும். நாக்பூரில் இருந்த மகளுக்குப் பத்து நாளில் பிரசவம். அந்த வெயிலில் ஃபிரிட்ஜ் நின்றால் மருந்து கெட்டுவிடும். ஃபிரிட்ஜோ நின்று நின்று ஓடியது.

கட்டிலுக்கு மேலே பேட்டரி வோல்டேஜ் காட்டும் மீட்டர் இருந்தது. பதினொன்றுக்குக் கீழே இறங்கினால் அதுவே ஃபிரிட்ஜை நிறுத்திவிடும். நிறுத்தியதும் முள் பன்னிரண்டரைக்கு ஏறிவிடும். வேறு இரண்டு கடைகளில் பேட்டரியை மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

"இனிமே மாத்த வேண்டியது என்னைத்தான் தம்பி," என்றார் முத்தம்மா, கட்டிலில் இருந்தபடியே.

அண்ணன் முதலில் மீட்டர்மேல்தான் சந்தேகப்பட்டார். புதிதாக ஒன்று போட்டார். அதுவும் அப்படியே இறங்கியது. வேலையாட்களும் வாடிக்கையாளர்களும் நின்ற இடத்தில், தான் நினைத்தது தப்பு என்று சாதாரணமாகச் சொன்னார். தப்பை அப்படிச் சொல்லும் மெக்கானிக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் ஃபிரிட்ஜை ஓடவிட்டே அளந்தார். பேட்டரிமேல் பன்னிரண்டரை. கட்டில் பக்கம் பதினொன்றுகூட இல்லை. இரண்டு எண்ணையும் சாக்பீஸால் எழுதி, நடுவில் இருக்கும் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போனார். பேட்டரியிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டில் வந்து நின்றார். ஒன்றரை வோல்ட் அந்த ஒரு இடத்திலேயே காணாமல் போயிருந்தது. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பும் துருவும். அதன்மேல் காய்ந்த சந்தனம், குங்குமம்.

ஆயுத பூஜையன்று இராஜமாணிக்கம் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஸ்டியரிங்கிலிருந்து பேட்டரி வரை பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை அந்த போல்ட்டுக்குப் பக்கத்திலேயே பிழிந்திருக்கிறார். அந்தப் புளிப்பில்தான் துரு ஏறியது என்று அண்ணன் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. சாமிக்குச் செய்ததே வினையாகிவிட்டதா என்று முனகினார்.

அண்ணன் தேவாலயம் போகிறவர். சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை.

"சாமி என்னண்ணா பண்ணுச்சு? புளிப்பு பட்டா இரும்பு சும்மா இருக்குமா? பொட்டைப் பேட்டரி மூடிமேல வைங்க. போல்ட்டுக்கு வேணாம்."

துருவைத் தேய்த்து, வயர் முனையை மாற்றி, இறுக்கி, கிரீஸ் தடவினார். உடனே கிளம்புகிறேன் என்றவரை விடவில்லை. ஒரு நாள் முழுக்க ஃபிரிட்ஜ் ஓடட்டும், நின்றால் என் கடை வாசலில் நிற்கட்டும், நடுவழியில் வேண்டாம் என்றார். முள் பன்னிரண்டைவிட்டு இறங்கவில்லை. அடுத்த நாள் காலை அவர்கள் கிளம்பினார்கள். பிரசவத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே முத்தம்மா மகள் வீட்டில் இருந்தார்.

பேத்திக்கு இப்போது நாலு வயது. முத்தம்மா வருஷத்துக்கு ஒரு தடவை அதே வண்டியில் நாக்பூர் போய் வருகிறார்.