மேட்டு வீடு விற்பனைக்கு

எங்கள் வீட்டை விற்கத் தயார் செய்தபோது, கண்ணில் படக் கூடாது என்று முதலில் ஒதுக்கப்பட்ட சாமான் நான்தான்.

தரகர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முன் அறைச் சுவரில் ஈரக்கசிவு. அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். குளியலறைக் கதவு உப்பிப்போய்ச் சாத்த வராது. அதற்கும் ஒரு ஆட்டு. கடைசியில், முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, அதே முகத்தோடு இன்னொரு ஆட்டு ஆட்டினார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. ஆள் வர்ற நேரம் நீங்க பின் ரூம்ல இருந்துக்குங்க. சீக்காளிய கண்டா வீட்டுலயே ஏதோ கொறைன்னு நெனைப்பாங்க. இப்ப மார்க்கெட் ரொம்ப டல்லுங்க."

என் வீட்டுக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "சரிதானே," என்றார். தரகர் சொன்னால் இவருக்கு எல்லாமே சரிதான்.

வீட்டில் குறை இருப்பது உண்மை. அது இருக்கும் இடம்தான் குறை. பெல்மதுளை ரோட்டிலிருந்து செங்குத்தாகப் படி ஏறித்தான் இங்கே வர வேண்டும். இவர் தோட்டத் தொழிலாளர் லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்து, தோட்டத்து ஃபெக்டரியில் உழைத்து ஓய்வு பெற்றவர். காணி தேடிய காலத்தில் ரோட்டோரத்தில் சமதரையாகவே ஒரு துண்டு கிடைத்தது. வேண்டாம் என்றுவிட்டார். துரை பங்களா மேட்டில் இருக்கும், லயம் பள்ளத்தில் இருக்கும். நாமும் ஒரு நாள் மேலேயிருந்து கீழே பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. எங்கள் ஆட்களில் கையில் நாலு காசு சேர்ந்த பாதிப் பேர் இப்படித்தான் மேடு தேடி ஏறினார்கள். துரையிடம் ஜீப் இருந்தது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. சமதரையில் மெல்ல நடப்பேன், படி இறங்க முடியாது. கடைசியாக நான் கீழே இறங்கியது இரத்தினபுரி கிளினிக்குக்கு. பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே கடைக்காரர், "டீச்சரம்மாவுக்கு இன்னிக்குத் தேரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், தூக்கியவர்கள் உட்பட. இனிச் செத்தால்தான் இறங்குவேன் என்று ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன். ஆத்திரம் அடங்கிய பிறகு, அதுவே நடந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இந்த வீடு விற்றால் டவுனில் சமதரையில் சின்னதாக ஒரு வீடு வாங்கலாம். கோயிலுக்கு நானே நடக்கலாம். மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து, இது பழசு என்று சண்டை பிடிக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாங்கத்தான் ஆளில்லை. டவுன் வரைக்கும் வேலிக்கு வேலி விற்பனைப் பலகை. வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் விற்கிறார்கள். போக முடியாதவர்களிடம் வாங்கக் காசில்லை. மாணிக்கக் கல் தோண்டுகிற முதலாளி ஒருவர் வந்தார். வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. கொல்லை மண்ணை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு குடும்பம் வாசலில் நின்று மலையோடு சேர்த்துப் படம் எடுத்து, டீ குடித்து, யோசித்துச் சொல்கிறோம் என்று இறங்கிப் போனது. இன்னும் யோசிக்கிறார்கள் போலிருக்கிறது.

இவர் பூசாரியைக் கூட்டி வந்து வாசலில் தேசிக்காய் வெட்டிக் குங்குமம் தடவ வைத்தார். திருஷ்டி போயிருக்கும், படி போகவில்லை. அடுத்த வாரமே தரகர் வந்து அந்தக் குங்குமத்தையும் நிலையில் இருந்த மஞ்சளையும் துடைக்கச் சொன்னார். தமிழ் ஆள் வீடு என்று தெரிந்தால் விலையை அடிப்பார்களாம். சொன்னவரும் தமிழர்தான். சாமிப் படங்கள் என்னோடு பின் அறைக்கு வந்தன. முருகனும் நானும் அலுமாரிக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தோம். கதிர்காமத்தில் தமிழர், சிங்களவர் இரண்டு பாஷைக்காரரும் கும்பிடுகிற சாமி. அவரையாவது வெளியே விட்டிருக்கலாம். விற்பனைப் பலகை சிங்களத்தில் மட்டும். ஈரக்கசிவை மறைக்க, நீர்வீழ்ச்சிப் படம் போட்ட கலண்டர் ஒன்றைத் தரகரே கொண்டுவந்து மாட்டினார். அதில் அவருக்குப் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலகையில் இருந்த நம்பருக்குப் பேசிவிட்டு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். தரகர் கூட இல்லை. நான் பின் அறையில் இருந்தேன். நடுவில் பலகைத் தடுப்புதான், ஒரு இருமல்கூடத் தப்பாது. அவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள், இவர் சிங்களத்தில் பதில் சொன்னார். இந்தப் பக்கத்துத் தமிழர் சிங்களம் பேசினால் சிங்களவருக்கே வித்தியாசம் தெரியாது. இவர் அதில் மன்னன். தண்ணீர் வற்றாது என்றார். அக்கம்பக்கம் தங்கமான ஆட்கள் என்றார். படி ஒரு பிரச்சினையே இல்லை, பின்பக்கமாக வாசல் வரைக்கும் கொங்கிரீட் ரோடு வரப்போகிறது என்றார். அந்த ரோட்டைப் பற்றி நானும் அன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

அந்தப் பெண்ணுக்கு வீடு பிடித்துவிட்டது. குரலிலேயே தெரிந்தது. மனதால் நான் மீன் கடைக்கே போய்விட்டேன். இவர் டீ போடச் சமையலறைக்குப் போனார். அந்த நேரம் அவள் புருஷனிடம் மெதுவாகப் பேசினாள், தமிழில்.

"வீடு நல்லாத்தாங்க இருக்கு. அம்மாவ எப்பிடி மேல ஏத்துறது? முட்டி வலியோட லயத்து வாசலையே தாண்ட முடியல அவங்களால."

"அதான் ரோடு வருதுன்னு சொல்றாரே. அதுவரைக்கும் நான் தூக்கிட்டு வந்துர்றேன். நீ தமிழ்ல பேசாத. தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சா மதிக்க மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. இந்தப் பக்கம் ஒரு லயத்துப் பிள்ளை, அந்தப் பக்கம் இரண்டு லயத்துப் பிள்ளைகள்; ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு, ஒரு மணி நேரமாகச் சிங்களத்தில் மாறி மாறி மரியாதை. என்ன பிழைப்பு இது! வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்து முடிவதற்குள் அவள் சொன்னது முழுசாக உறைத்தது.

நான் சும்மா இருந்தால் போதும். அவர்கள் வாங்குவார்கள், நான் இறங்குவேன். நான் உட்கார்ந்த இடத்தில் அந்த அம்மா வந்து உட்காருவார். கீழே போக எனக்கிருந்த ஆசைக்கு அளவே இல்லை, ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து கதவைத் திறந்தேன்.

டீத் தட்டோடு வந்த இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"ரோடெல்லாம் ஒண்ணும் வரலைங்க," என்றேன், தமிழில். "அம்மாவ இங்க கூட்டிட்டு வராதீங்க. ஏத்திருவீங்க. எறக்கத்தான் முடியாது."

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு, திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பின் அறையைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க எப்பிடிம்மா கீழ போயிட்டு வர்றீங்க?"

"போறதில்லம்மா," என்றேன்.