கூடம் கோணலாகத்தான் இருந்தது

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் அந்த டிவி கடைக்கு முதலாளி வேறு ஒருவர். ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களில் கேட்டால் 'முருகவேல் கடை' என்றுதான் சொல்வார்கள். முருகவேல் அங்கே சம்பளத்துக்கு நிற்கிற ஆள். கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது அவனுடைய வாய்.

அப்பாவும் அம்மாவும் சின்னசேலம் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு இவன் இந்தக் கடையில் பெட்டி இறக்கச் சேர்ந்தான். ஒருநாள் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் எதையும் வாங்காமல் கிளம்பப் பார்த்தது. பெட்டியைத் தோளில் வைத்தபடியே இவன் என்னவோ சொல்லிச் சிரிக்க வைத்தான். அவர்கள் டிவியோடு மிக்சியும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து முதலாளி அவனை முன்னால் நிறுத்திவிட்டார்.

முன்னால் வந்தவன் அதோடு நின்றுவிட்டான். டிவியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. எது தெரியவில்லையோ அந்த இடத்தில் ஒரு கிண்டலைப் போட்டு மூடிவிடுவான். தெரியாது என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னால் மறுபடியும் பெட்டி தூக்க அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கு உள்ளூர உண்டு. பயந்தவர்கள் எல்லாரும் ஒடுங்கி நிற்பார்கள் என்று யார் சொன்னது? சில பேர் சத்தமாகச் சிரிப்பார்கள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து புது டிவிகளைப் பற்றி வகுப்பு எடுத்தபோது, பில் போடுகிற தமிழ்ப்ரியா ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முருகவேல் கடைசி நாற்காலியில் போண்டா தின்றுகொண்டிருந்தான். பெட்டியின் மேல் 'கேம் மோடு' என்று போட்டிருக்கிறதே, அது என்ன என்று யாராவது கேட்டால், "உள்ளயே நாலஞ்சி கேம் போட்டு வச்சிருப்பான்" என்பான். அதைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கேட்டவர் யாரும் இல்லை.

இந்தக் கடைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாயவன் வந்தான்.

மாயவன் கரியாலூர்க்காரன், மலைக் குடும்பம். ஆஸ்டலில் தங்கிப் படித்த காலத்தில் முருகவேலோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். லீவு நாளில் இரண்டு பேரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையே கதி என்று கிடப்பார்கள். குள்ளன் ஒருவன் ஓடிக்கொண்டே இருப்பான், குழி வந்தால் பட்டனை அமுக்கித் தாண்ட வைக்க வேண்டும். அதில் முருகவேலை அடிக்க ஆள் கிடையாது என்று ஊரில் பேச்சு. மாயவன் அவனை நாலைந்து தடவை தோற்கடித்திருக்கிறான். அதை முருகவேல் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மாயவன் இப்போது கரியாலூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். அருவி பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போக ஒரு ஜீப்பும் இருந்தது. மழை பிடித்துவிட்டால் அருவிக்கு விடமாட்டார்கள், வந்த கூட்டம் கடையில் முடங்கிக் கிடக்கும். அவர்களுக்குப் பொழுது போக அந்தப் பழைய ஆட்டத்தை வைக்கலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. அதே மாதிரி கேம் பெட்டியைப் புதிதாகச் செய்து ஆன்லைனில் விற்கிறார்கள். அதை வாங்கிவிட்டான். டிவிதான் பாக்கி.

"படம் பெருசா இருக்கணும்னு இல்லபா. பட்டன அமுக்கனா உடனே குதிக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்" என்றான். கேம் பெட்டியையும் பையில் கொண்டுவந்திருந்தான்.

முருகவேல் அவனுக்கு இருப்பதிலேயே பளபளப்பான டிவியைக் காட்டி, பெட்டியையும் அதில் மாட்டிக் கொடுத்தான். மாயவன் நின்றபடியே ஆடினான். முதல் குழியில் குள்ளன் விழுந்தான். மறுபடி ஆடினான், மறுபடியும் விழுந்தான்.

"லேட்டா குதிக்குதுபா. நான் அமுக்கறேன், அது கொஞ்சம் யோசிச்சிட்டு குதிக்குது."

டிவியில் அப்படி ஒரு குறை இருக்க முடியுமா என்பதே முருகவேலுக்குத் தெரியாது. விவரம் தெரிந்த தமிழ்ப்ரியா அன்று லீவு. கடை நிறைய ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல அவன் வாய் முந்திக்கொண்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். டிவி லேட்டு இல்லடா, மலையில இருந்து எறங்கி வந்த கை, அதான் லேட்டு. உங்க ஊருக்கு பஸ்ஸே மெதுவாத்தான் வருது, கை மட்டும் உடனே வந்துடுமா?"

கடையே சிரித்தது. மாயவனும் சிரித்தான். கேம் பெட்டியைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிபா, இதையே கட்டிடு" என்றான். முருகவேலுக்கு அன்றைக்கு நல்ல நாள். வீட்டுக்குப் போய் மனைவி அம்சவள்ளியிடம் அந்த பஸ் ஜோக்கை ஒருமுறை சொல்லிக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மழைக்காலம் வந்தபோது, மலையைப் பார்க்க வேண்டும் என்று அம்சவள்ளி ஆசைப்பட்டாள். இருவரும் பஸ் ஏறிக் கரியாலூர் போனார்கள். இறங்கும்போதே மழை. அருவியை மூடிவிட்டார்கள் என்றதும் நனைந்தபடி மாயவன் கடைக்கு ஓடினார்கள். மாயவனுக்கு வாயெல்லாம் பல். அவன் மனைவி சாலம்மாள் துண்டு கொடுத்து, சாமைச் சோறும் கோழிக் குழம்பும் போட்டு, மறுசோறு வைக்காமல் விடமாட்டேன் என்று நின்றாள்.

"ஜீப்பு எங்கடா காணோம்?" என்று முருகவேல் கேட்டான்.

"அத இப்ப அவரு தொடறதில்லண்ணா" என்றாள் சாலம்மாள். "அவரு பெரியப்பா பையன்தான் ஓட்டிக்கினு கீறான்."

"ஏன்டா?"

மாயவன் குழம்பை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான். "டிவி வாங்கிக்கினு வந்தேன் பாரு, அன்னிக்கி ஒரு வளைவுல பஸ்ஸுக்கு ஒதுங்கசொல்ல பாறையில உரசிட்டேன். அப்பதான் நீ சொன்னது மனசுல பட்டுச்சி. வயசாவுது, கை லேட்டாதான் போய்டுச்சி போல. நாலு சனத்த ஏத்திக்கினு போற வண்டிபா. நமக்கு எதுக்கு வம்புன்னு அவன்கிட்ட குடுத்துட்டேன்."

முருகவேல் சிரிக்கப் பார்த்தான். தண்ணீரை எடுத்துக் குடித்தான். எப்போதோ விளையாட்டுக்குச் சொன்னதை இவன் இப்படிப் பிடித்துக்கொண்டானே என்று முதலில் மாயவன்மேல்தான் கோபம் வந்தது.

கடையின் மறுகோடியில் மழைக்கு ஒதுங்கிய பையன்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாயவன் அவர்களுக்குப் பின்னால் போய் நின்று, ஒவ்வொரு குழிக்கும் "ஆங்" என்று குரல் கொடுத்தான். அந்தக் குரலுக்கு அமுக்கினால் குள்ளன் சரியாகத் தாண்டினான்.

"ஓரத்துக்கு வந்து அமுக்கனா போச்சி. குழி கண்ணுல பட்டதுமே அமுக்கிடணும்" என்று முருகவேலிடம் விளக்கினான். "என் கைக்கு ஏத்தமாரி நானே பழக்கிக்கிட்டேன். வர்றவங்களுக்கும் இந்தக் கணக்குதான் ஒத்து வருது." பிறகு பையன்களிடம் திரும்பி, "எந்திரிங்கபா, இவரு கள்ளக்குறிச்சியிலயே பெரிய ஆட்டக்காரரு. எப்படி ஆடறாருன்னு பாருங்க" என்றான்.

முருகவேல் உட்கார்ந்தான். தன் கையை நம்பி, குழியின் ஓரம் வரைக்கும் ஓடவிட்டு அமுக்கினான். குள்ளன் விழுந்தான். இரண்டாவது தடவையும் விழுந்தான். மூன்றாவது தடவை அவன் கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தது. விரல் முதலில் அமுக்கியது, அதற்கப்புறம்தான் குள்ளன் குதித்தான். கூடம் கோணலாகத்தான் இருந்தது.

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது மாயவன் எதையாவது சொல்லியிருக்கலாம். அன்றைய கிண்டலைத் திருப்பிக் கொடுக்க அதைவிடத் தோதான நேரம் வராது. அவன் சொன்னது இதுதான்: "மழையில நனைஞ்சி வந்த கை, வெறச்சிப் போய்கீது. சூடா டீ குடிச்சிட்டு ஆடுபா."

முருகவேலுக்கு உடம்பு கூசியது. போன் பேச வேண்டும் என்று சொல்லி வெளியே போய், சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று தமிழ்ப்ரியாவைக் கூப்பிட்டான். டிவி லேட்டாகப் படம் காட்டுமா என்று கேட்டான்.

"காட்டும்ண்ணா. இப்ப வர்ற டிவி, படத்துக்கு சீவி சிங்காரிச்சி பொட்டு வச்சிதான் வெளிய அனுப்பும். சினிமா பாக்கசொல்ல தெரியாது, கேம் ஆடனா தெரிஞ்சிடும். கேம் மோடுல போட்டீங்கன்னா சிங்காரம் இல்லாம அப்பிடியே வுட்டுடும். அன்னிக்கி கிளாஸ்ல சொன்னாங்களே, நீங்ககூட பின்னாடி போண்டா துன்னுக்கினு இருந்தீங்களே."

அவன் திரும்பி வந்தபோது மாயவன் டீ போட உள்ளே போயிருந்தான். பையன்கள் வாசலில் மழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கழுவுற மீன்ல நழுவுற மீன்' என்று முருகவேலின் அம்மா அவனைச் சின்ன வயசிலேயே சொல்லுவாள். ரிமோட்டை எடுத்தான். தேடிப்பிடித்து, கேம் மோடைப் போட்டுவிட்டு, ரிமோட்டை இருந்த இடத்திலேயே வைத்தான். டிவி சரியாகிவிட்டது, யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தான்.

மாயவன் டீயைக் கொடுத்துவிட்டு, "நான் ஆடிக் காட்றேன், பாத்துக்க" என்று உட்கார்ந்தான். குழி கண்ணில் பட்டதும் தன் கணக்குப்படி அமுக்கினான். குள்ளன் அந்த நிமிஷமே குதித்து, குழிக்கு நடுவில் போய் விழுந்தான். மறுபடி ஆடினான். மறுபடியும் அப்படியே. ஒரு பையன் வாங்கி ஆடினான். மாயவன் "ஆங்" என்றான், பையன் அமுக்கினான், விழுந்தான்.

"அண்ணே, நீங்க சொன்னப்பதான் அமுக்கனேன்" என்றான் பையன்.

மாயவன் தன் வலது கையை மடக்கி நீட்டிப் பார்த்தான். "நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சி" என்றான். "அதுவும் போச்சிபோல."

"டாக்டருகிட்ட ஒரு வாட்டி காட்டலாம்னா கேக்கறாரா" என்று அடுப்படியிலிருந்து சாலம்மாள் அம்சவள்ளியிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

முருகவேலுக்குக் காது சுட்டது. இப்போது எழுந்து போய்விட்டால் இந்த ஆள் ஆயுசுக்கும் தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே கிடப்பான். சொல்லிவிட்டால், இத்தனை வருஷமாக டிவி விற்றவனுக்கு டிவியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தன் மனைவி முன்னால், முன்பின் தெரியாத பையன்கள் முன்னால் அம்பலமாகும். வெட்கம் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தது. கடைசியில் அவன் டீயைக் கீழே வைத்தான்.

"உன் கையில ஒண்ணும் இல்லடா. டிவிதான் லேட்டு. நான் உனக்கு வித்த டிவி. நீ டீ போடசொல்ல டிவியில ஒண்ண மாத்தி வச்சேன், அதான் நீ பழக்கனது ஒத்து வரல. முன்னமாரி ஓரத்துல வந்து அமுக்கு."

மாயவன் அவனையே பார்த்தான். பிறகு பட்டன் பெட்டியைக் கையில் எடுத்தான். ஓரம் வரைக்கும் ஓடவிட்டு அமுக்கினான். குள்ளன் தாண்டினான். அடுத்த குழியையும் தாண்டினான். பள்ளிக்கூட நாளில் முருகவேலைத் தோற்கடித்த அதே விரல்கள் ஒன்றையும் தவறவிடாமல் போய்க்கொண்டிருந்தன. பையன்கள் கத்திக்கொண்டே கிட்ட வந்தார்கள். மாயவன் மட்டும் சிரிக்கவில்லை. பாதியிலேயே பட்டன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"அன்னிக்கி இது உனக்கு தெரியுமா?" என்று கேட்டான்.

"சத்தியமா தெரியாதுடா" என்றான் முருகவேல். அதைச் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தான்.

"தெரிஞ்சி சொல்லியிருந்தன்னா, வியாபாரத்துக்கு சொல்லிட்டான்னு வுட்டுருப்பேன்" என்றான் மாயவன். குரல் உயரவில்லை. "டிவியா கையான்னு உனக்கே தெரியல. அப்புறம் எத வச்சிபா கைதான்னு சொன்ன?"

மலைக்காரன் கை என்பதை வைத்துத்தான். வேறு எதுவும் அவனிடம் இருக்கவில்லை. அது முருகவேலுக்குத் தெரிந்தது. மாயவனுக்கும் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

கடைசி பஸ் மழையால் வரவில்லை. மாயவன் பெரியப்பா பையனிடமிருந்து ஜீப் சாவியை வாங்கி, தானே ஓட்டினான். வளைவுக்கு வளைவு அவன் கை அளந்து வைத்தமாதிரி திரும்பியது. அம்சவள்ளி பின்சீட்டில் தூங்கிவிட்டாள். முருகவேல் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். அந்தக் கையைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மன்னிச்சிடுடா என்ற சொல் வாய்வரைக்கும் வந்து வந்து போனது.

கச்சிராயபாளையத்தில் வண்டி நின்றது. அம்சவள்ளி முதலில் இறங்கிப் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். முருகவேல் ஒரு காலைக் கீழே வைத்தான். ஆறாவதிலிருந்து நீ, வா, போ என்று பேசியவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னான்:

"பாத்து எறங்குங்க சார். கீழ சேறா கீது."