துப்பாக்கிக்குக் கட்டிய காப்பு

கோயில் மண்டபத்தில் அந்த ஆள் தமிழில் பேச ஆரம்பித்தார். ரங்கூன் இன்சீனில் எங்கள் தெருக்காரர்கள் நாங்கள் வீட்டுக்குள்கூடப் பர்மியத்தில்தான் பேசிக்கொள்வோம். நல்ல தமிழ் காதில் விழுந்தால் உருகிப்போவோம். அது அவருக்குத் தெரிந்திருந்தது. ராணுவம் ஏற்பாடு செய்த வார்டுக் காவலுக்கு வீட்டுக்கு ஓர் ஆள் துப்பாக்கி எடுக்க வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்.

"நம்ம அம்மன் கையில என்ன இருக்கு? பூவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

என் தம்பி மனைவி எழுந்தாள். பர்மியப் பெண், எங்களைவிட அதிகம் கோயிலுக்கு வருகிறவள். "யாரைச் சுடணும்னு சொல்லுங்க அண்ணே," என்றாள்.

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி பயப்படுது, பாவம். அது பயத்துக்காக நம்ம பொண்டு பிள்ளைங்க சாகணுமா?"

ஒரே கைதட்டல். அவள் கேட்டதை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. முதலில் கை தூக்கியவன் என் தம்பி. லைங் தாயா தொழிற்பேட்டைக்குத் தையல் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட என்னைக் கூப்பிடுவான்.

தீமிதி நெருங்கிக்கொண்டிருந்தது. காப்புக் கட்டியவன் தீ மிதிக்கும்வரை ஆயுதம் தொடக் கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். மறுநாள் காலையிலேயே தம்பி மனைவி அவனைக் குளிக்கவைத்து இழுத்துப்போய், பூசாரியிடம் சொல்லிக் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டாள். "அவிழ்க்கறதுக்குள்ள மனசு மாறிடும் அக்கா," என்றாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன்.

செய்தி கேட்டு அந்த ஆள் கோயிலுக்கே வந்தார். சண்டை வரும் என்று பயந்தோம். அவரோ அம்மன் முன் விழுந்து கும்பிட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பூசாரியிடம் நீட்டினார்.

"இதுக்கும் ஒரு காப்புக் கட்டுங்க சாமி. அப்புறம் இதை ஆயுதம்னு யார் சொல்வா? அம்மா கொடுத்த காவல்!"

பூசாரி கூட்டத்தைப் பார்த்தார். கட்டினார். பெண்கள் குலவை போட்டார்கள். தம்பி அதைப் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கும்போது அந்த ஆளின் குரல் என் காதுக்குள் பேசுகிறது. கேட்க இனிமையாகவே இருக்கிறது, பாழாய்ப்போன குரல்.

தீமிதி முடிந்ததும் எல்லோரும் காப்பை அவிழ்த்தார்கள். துப்பாக்கியில் இருந்ததை யாரும் நினைக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், காவல் சாவடியில் தம்பியைச் சுட்டுவிட்டார்கள். யார் சுட்டது என்று இதுவரை தெரியாது. கருமாதியிலும் அந்த ஆள் பேசினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

தம்பியின் துப்பாக்கி எதிர்வீட்டுக்காரர் கைக்குப் போனது. தினமும் காலையில் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வாசலைக் கடக்கிறார். கயிறு கறுத்துவிட்டது, முடிச்சு அப்படியே இருக்கிறது. தம்பி மனைவி கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். நேற்று அவரை நிறுத்தினாள்.

"அந்தக் கயித்தை மட்டும் அவிழ்த்துக் கொடுங்க அண்ணே."

நல்ல மனிதர் அவர். பதறிப்போய்த் துப்பாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"எப்படிம்மா அவிழ்க்கறது? அம்மா கொடுத்த காவலாச்சே."