தொட்டுக் கும்பிட்ட கடல்

கடலை மிதிக்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினொரு வயதில் நானாகவே செய்துகொண்ட முடிவு அது. காரணம் எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்து, வெளியே சொல்லாமலும் வைத்திருந்தேன்.

அப்பா எஸ்டேட்டில் செம்பனைக் குலைகளை ஏற்றிப் போகும் லாரியை ஓட்டியவர். ஒரு மழை நாளில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார். தகனம் முடிந்த மறுநாள் சாம்பலைச் சட்டியில் எடுத்துக்கொண்டு வேனில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். மலேசியாவில் சிரம்பான் பக்கத்துத் தமிழர்களுக்கு விடுமுறைக்குக் குளிக்கப் போவதும் அங்கேதான், சாம்பல் கரைக்கப் போவதும் அங்கேதான். ஒரு பக்கம் கோழி சுட்டுத் தின்றுகொண்டிருப்பார்கள், கொஞ்சம் தள்ளி மந்திரம் ஓதிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் தப்பாக நினைப்பதில்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பதால் என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள். ராசா என்ற ஊரிலிருந்து வந்திருந்த பெரியப்பா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சட்டியைக் கவிழ்த்தார். கரையேறி வந்து ஈரக் கையை என் தலையில் வைத்து, "அப்பா இனிமே இங்கதாம்மா இருப்பாரு. கும்பிட்டுக்க" என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் அதை முகவரியாகவே எடுத்துக்கொண்டேன்.

எஸ்டேட் வீடு வேலை செய்கிறவருக்குத்தான். சில மாதங்களில் அதைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அம்மாவின் தம்பி அதே போர்ட்டிக்சனில் கடலோர ஹோட்டல் ஒன்றில், படகுகளையும் பாய்ப்பலகைகளையும் வாடகைக்கு விடும் கொட்டகையில் வேலை பார்த்தார். அந்த மாமா சொல்லித்தான் அதே ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. பக்கத்திலேயே ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்தோம். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கொட்டகைக்குப் போய்விடுவேன். என்னைச் சும்மா வைத்திருப்பது மாமாவால் ஆகாத காரியமாக இருந்ததால், ஒரு பழைய பலகையைக் கொடுத்துத் தண்ணீரில் இறக்கிவிட்டார்.

நின்றுகொண்டு ஓட்டும் பாய்மரம் என்று அதைச் சொல்லலாம். நீளமான பலகை, அதன் நடுவே ஒரு பாய், பாயின் குறுக்கே ஒரு பிடிகம்பி. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் காற்று இழுத்துக்கொண்டு போகும். சாதாரணக் காற்றில் பலகை தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் போகும். நல்ல காற்று அடிக்கிற நேரத்தில் பின்னால் நகர்ந்து, பின்னங்காலை அழுத்தி, கம்பியில் தொங்குவதுபோல் உடம்பைச் சாய்த்தால், பலகை தண்ணீரை விட்டு மேலே ஏறி வழுக்கிக்கொண்டு பறக்கும். மாமா அதைப் 'பிளேன் ஆவுறது' என்பார். அதைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை, ஆனால் அவர் பிளேன் ஆகி யாரும் பார்த்ததில்லை. தன் தொப்பைக்குத் தகுந்த காற்று இந்தக் கடலில் அடிப்பதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஹோட்டலுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அப்படிப் பறந்ததை நான் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். அப்பா போன பிறகு சோறு, சட்டை, தீபாவளி எதன்மேலும் எனக்கு ஆசை வரவில்லை. முதன்முதலாக ஆசைப்பட்டது இதற்குத்தான். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. வருசம் திரும்பாத வீட்டில் பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, அம்மா காதில் விழாததுபோல் இருந்துவிட்டார்.

நிற்கவும் திரும்பவும் சீக்கிரமே வந்துவிட்டது. மெதுவாகப் போகும்போது எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அப்பா தூக்கிக்கொண்டு போகிறார் என்று நினைத்துக்கொள்வேன். காற்று ஏறும்போதுதான் வினை. பின்னங்காலை அழுத்தியதும் பலகை தண்ணீரைப் பளார் பளார் என்று அறையத் தொடங்கும். அந்தச் சத்தத்தை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. புத்தகத்தில் கால் பட்டால், பெரியவர்கள்மேல் கால் பட்டால் என்ன செய்வோமோ அதையே செய்தேன். கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, குனிந்து, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். ஒரு கையை விட்டால் பாய் சும்மா இருக்குமா? அடுத்த நொடி பாயும் நானும் தண்ணீருக்குள் கிடப்போம். மேலே விழுந்துவிட்டதற்காக இன்னொரு தடவை தொட்டுக் கும்பிடுவேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மாமா கத்துவார். "கைய விடாத லா! காத்து வந்தா இழுத்துப் பிடி!" சின்னப் பாயை மாட்டிப் பார்த்தார். பெரிய பலகையைக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில், கண்ணேறு பட்டிருக்கும் என்று ஓர் எலுமிச்சம்பழத்தைப் பலகையின் அடியில் வைத்து நசுக்கினார். அதற்குப் பிறகும் நான் குனிவதை நிறுத்தவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து அம்மா கொட்டகைக்கு வந்தபோது மாமா முறையிட்டார். "அக்கா, இவளுக்கு எல்லாம் வந்துருச்சு. காத்து நல்லா வர்ற நேரத்துல மட்டும் கைய விட்டுட்டுக் குனியிறா. பயம் போல. நிறுத்திடலாமா?"

நிறுத்துவது என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாமா சங்கடப்பட்டு, கயிறு எடுக்கப் போவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார். கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் அம்மா என்னை உட்கார வைத்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவை எப்படி மிதிப்பது என்று கேட்டேன். அம்மா என் சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிழிவதற்குத் தண்ணீர் இல்லாமல் போன பிறகும் பிழிந்தார்.

"அப்பா வேல முடிஞ்சு வந்து, குப்புறப் படுத்துக்கிட்டு யாரக் கூப்புடுவாரு?"

"என்னத்தான்."

"எதுக்கு?"

"முதுகு மிதிக்க."

அதை நான் எப்படி மறந்தேனோ தெரியாது. நாளெல்லாம் லாரியில் குலுங்கிவிட்டு வந்து, அப்பா சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறி, இடுப்பிலிருந்து தோள்வரை நடப்பேன். அவருக்கு அது ஒரு நாளும் போதாது. "குதிகால வச்சு அழுத்து பாப்பா" என்பார். சில நாள் அப்படியே தூங்கிப்போவார். தூங்கிய பிறகும் நான் இறங்காமல் நிற்பேன். அவர் மூச்சுவிடும்போது நானும் கூடவே உயர்ந்து தாழ்வது எனக்குப் பிடிக்கும்.

"அப்ப என்னிக்காச்சும் தொட்டுக் கும்பிட்டியா?"

"இல்ல."

"அப்பறம் என்ன. போய் நல்லா அழுத்தி மிதி. அவருக்கு வலி போவட்டும்" என்றார் அம்மா.

இரண்டு நாள் கழித்து, பிற்பகலில், சுமத்ரா பக்கத்து வானம் கறுத்தது. மழைக்கு முன்னால் வரும் காற்று கடலைச் சொரசொரப்பாக்கிக்கொண்டு வந்தது. இடி இல்லை, ஒரே ஒரு தடவை போய்விட்டு வா என்று மாமா விட்டார். அம்மா துவைப்பறையிலிருந்து சீருடையோடு வந்து மணலில் நின்றிருந்தார்.

காற்று பாயில் மோதியதும் கை தானாக விடப் பார்த்தது. விடவில்லை. பின்னால் நகர்ந்தேன். தண்ணீருக்கு மேலே உடம்பைத் தொங்கவிட்டுக் குதிகாலை அழுத்தினேன். பலகை அறைந்தது. இன்னும் அழுத்தினேன். பளார் பளார் என்ற சத்தம் நெருங்கி நெருங்கி வந்து ஒரே உறுமலாகிவிட்டது. பலகையின் மூக்கு எழும்பியது. அதுவரை கையைப் பிடுங்கிக்கொண்டிருந்த பாய் திடீரென்று எடையே இல்லாமல் ஆனது. காலடியில் தண்ணீர் கெட்டியாக இருந்தது. அவ்வளவு வேகத்திலும் எனக்குத் துளிப் பயம் இல்லை. "வலி போச்சாப்பா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மஞ்சள் மிதவை வரைக்கும் அப்படியே போய், திரும்பத் தெரியாமல் தலைகுப்புற விழுந்தேன். கும்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கரைக்கு வந்தபோது மாமா தொப்பை குலுங்கக் குதித்துக்கொண்டிருந்தார். நான் பலகையை அவரிடம் தள்ளிவிட்டு அம்மாவிடம் ஓடினேன். இத்தனை மாதமாகக் கடலோரத்திலேயே வேலை செய்தும் அம்மா ஒரு நாள்கூடத் தண்ணீரில் கால் வைத்ததில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வாம்மா, அப்பா எப்படித் தாங்குனாரு தெரியுமா! வந்து பாரு!"

அம்மா சீருடைச் சிலுவாரின் கால் முனையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் அளவு வந்ததும் நின்றார். காலடியில் தண்ணீரைப் பார்த்தார். பிறகு தூரத்தில் பார்த்தார்.

"எங்கடி?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மிதவையைக் காட்டி, அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் என்றேன். அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். மழை பெரிய பெரிய துளிகளாக விழத் தொடங்கியது. பாயைச் சுருட்ட வரச் சொல்லி மாமா கூப்பிட்டார். அம்மா நகரவில்லை. நான் கை காட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியலையே பாப்பா" என்றார்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது போல, ஒரு கண்ணாடி வாங்கித் தரச் சொல்லி மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நான் பாயைச் சுருட்ட ஓடினேன்.